காலணியும் கத்தியும் கட்டிலும்

பெரிய வியாழன் மாலைத் திருப்பலியில் நிகழும் பாதம் கழுவும் சடங்கு, ஆண்டுதோறும் நம் உள்ளத்தை அசைக்கின்ற ஒன்று. பங்கு மக்களுள் பன்னிருவர் பீடத்தின் முன் வரிசையாக அமர்ந்திருப்பர். குருவானவர் மேலாடையைக் களைந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொருவர் முன்பும் முழந்தாளிட்டு, நீர் ஊற்றித் துடைத்து முத்தமிடுவார். 2016ஆம் ஆண்டில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் வழிபாட்டு ஒழுங்கை மாற்றியமைத்த பின்னர், இவ்வரிசையில் தாய்மார்களும் இளம் பெண்களும் அமர்கின்றனர். அந்த நேரத்தில் நாம் காண்பவை முகங்கள் அல்ல, பாதங்கள். சேற்றிலும் வரப்பிலும் உழைத்து, விரல்கள் விசிறிபோல் விரிந்த பாதங்கள் உண்டு. வெடித்த குதிகால்கள் உண்டு. நாள் முழுவதும் கரும்பலகையின் முன் நிற்கும் ஆசிரியையின், விரல்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பாதங்களும் உண்டு. ஒரு பங்கின் வரலாறு அதன் பதிவேடுகளில் மட்டும் எழுதப்பட்டிருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், அப்படியொரு வியாழனன்று, ஏழாவது ஆளின் முன் முழந்தாளிட்ட நம்மால் எழ முடியாமற் போயிற்று. முழந்தாளிட்டு எழும்போது உடலின் பாரம் முழுவதும் மடங்கிய பெருவிரலின் மேல் விழுகிறது. நம் வலது காலின் பெருவிரலோ மடங்க மறுத்தது. உபதேசியார் ஓடிவந்து தோளைக் கொடுத்தார். மக்கள், நாம் உள்ளம் உருகித் தாமதிக்கிறோம் என்று எண்ணிக்கொண்டார்கள். அது உருக்கமன்று, வலி.

எலும்பு மருத்துவர் பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சாமி, இது பனியன்" என்றார். சட்டைக்குள் அணியும் பனியனைத் தவிர வேறு பனியன் அறியாத நமக்குச் சிரிப்பு வந்தது. பெருவிரலின் அடிமூட்டு வெளியே புடைத்து நிற்பதற்கு ஆங்கிலேயர் வழங்கும் பெயராம் அது. மருத்துவ நூல்கள் இதனை 'ஹாலக்ஸ் வால்கஸ்' என்ற இலத்தீன் பெயரால் குறிக்கின்றன. 'ஹாலக்ஸ்' என்பது காலின் பெருவிரல். 'வால்கஸ்' என்பது கோணியது. அறுவை மருத்துவம் செய்துகொள்வதா, வேண்டாமா என்று தடுமாறிய மாதங்களில் இச்சிறு மூட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். அது திருச்சபையின் வரலாற்றோடு இத்துணைப் பின்னிக் கிடக்கும் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. படித்ததையும் பட்டதையும் வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

காலணி

இப்புடைப்பு புதிதாக முளைத்த எலும்பு என்றே பலரும் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. பெருவிரலுக்குப் பின்னே, பாதத்தின் நடுப்பகுதி வரை செல்லும் நீண்ட எலும்பு ஒன்று உண்டு. அது சிறிது சிறிதாக மற்றக் காலை நோக்கிச் சாய்கிறது. பெருவிரலோ அதற்கு எதிராக, இரண்டாம் விரலை நோக்கிச் சாய்கிறது. இரண்டும் கூடும் மூட்டு, மடக்கிய முழங்கைபோல் வெளியே துருத்துகிறது. துருத்திய இடத்தில் காலணி உராய, தோல் தடித்து, உள்ளே நீர் கோத்து, சிவந்து வலிக்கிறது. நாளடைவில் பெருவிரல் இரண்டாம் விரலைத் தள்ளி, அதன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்கிறது.

காரணம் யாது? குடும்பவழியாக வரும் பாத அமைப்பு ஒன்று, காலணி மற்றொன்று. 1958ஆம் ஆண்டு ஹாங்காங்கில் சீன மக்களிடையே நடந்த ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. காலணி அணியும் பழக்கமுள்ளோரில் 33 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு நடப்போரில் 1.9 விழுக்காட்டினருக்கும் இக்கோணல் காணப்பட்டது. நம் அன்னையார் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை வெறுங்காலோடு நடந்தே கழித்தவர்; ஆயினும் அவரது வலது காலிலும் இதே புடைப்பு இருந்தது. நூற்றில் இருவர் என்ற அச்சிறு கூட்டத்தில் அவர் ஒருவர் போலும். எனவே காலணியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட முடியாது. எனினும் காலணியின் குற்றம் சிறிதன்று என்பதற்குக் கல்லறைகளே சான்று பகர்கின்றன.

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரிலும் அதன் அருகிலும் உள்ள நான்கு பழைய இடுகாடுகளில் தோண்டியெடுக்கப்பட்ட 177 பேரின் எலும்புகளை ஆராய்ந்த அறிஞர்கள், தம் முடிவுகளை 2021ஆம் ஆண்டு வெளியிட்டனர். 11 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை அடக்கம் செய்யப்பட்டோரில் 6 விழுக்காட்டினருக்கே பெருவிரல் கோணல் இருந்தது. 14, 15ஆம் நூற்றாண்டுகளில் அது 27 விழுக்காடாக உயர்ந்திருந்தது. இடையில் நேர்ந்தது என்ன? கூர்முனைக் காலணி வந்துவிட்டது. போலந்து நாட்டின் பெயரைத் தழுவி 'புலேன்' என அழைக்கப்பட்ட அக்காலணி, பெருவிரலைக் கடந்து ஊசிபோல் நீண்டிருக்கும். உழைக்கத் தேவையில்லாதவன் நான் என்று பறைசாற்றும் காலணி அது.

நான்கு இடுகாடுகளையும் ஒப்பிட்டபோது வெளிப்பட்ட செய்தியே நம்மைத் தலைகுனிய வைத்தது. உழவர்கள் அடக்கமான சிற்றூர் இடுகாட்டில் 3 விழுக்காட்டினருக்கே கோணல் இருந்தது. நகரத்து ஏழைத் தொழிலாளர் அடக்கமான பங்கு இடுகாட்டில் 10 விழுக்காடு. அறநிலையமாக நடந்த மருத்துவமனையின் இடுகாட்டில் 23 விழுக்காடு. அகுஸ்தீன் சபைத் துறவியர் மடத்தின் இடுகாட்டிலோ 43 விழுக்காடு! இடைக்கச்சையின் கொக்கிகளைக் கொண்டு துறவியர் என அடையாளம் காணப்பட்ட பதினொருவரில் ஐவருக்குப் பெருவிரல் கோணியிருந்தது. அச்சபையின் ஒழுங்கு, கணுக்காலில் வாரால் கட்டிய எளிய கறுப்புக் காலணியையே வகுத்திருந்தது. ஒழுங்குநூல் ஒன்றைச் சொல்ல, எலும்பு வேறொன்றைச் சொல்கிறது.

திருச்சபை இதனை அறியாதிருக்கவில்லை. 1215ஆம் ஆண்டு, திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், குருக்கள் அணியத் தகாதவற்றை வரிசைப்படுத்தியபோது கூர்முனைக் காலணியையும் அவற்றுள் சேர்த்தது. ஆயினும் குருக்களின் ஆடை ஒழுங்கைப் பற்றி 1281லும் 1342லும் இங்கிலாந்தில் மீண்டும் கட்டளைகள் பிறப்பிக்க வேண்டியிருந்தது. ஒரே கட்டளை திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்படுகிறது என்றால், அது கடைப்பிடிக்கப்படவில்லை என்பதே பொருள். 1463ஆம் ஆண்டில் அரசர் நான்காம் எட்வர்டும் காலணி முனையின் நீளம் இரண்டு அங்குலத்தைத் தாண்டலாகாது எனச் சட்டம் செய்ய நேர்ந்தது. இன்னொரு செய்தியையும் அந்த ஆய்வு தருகிறது. பெருவிரல் கோணிய முதியோரிடம், கீழே விழுந்து கையூன்றியதால் முறிந்த எலும்புகளும் மிகுதியாகக் காணப்பட்டனவாம். விரல் கோணினால் நடை தடுமாறும். நடை தடுமாறினால் விழுவோம்.

பிற்காலத்திலும் ஐரோப்பியர் நெடுநாள் திருந்தவில்லை. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் பெரும்பாலும் இடது, வலது என்ற வேறுபாடே இன்றிக் காலணி தைக்கப்பட்டது. குதிரைக்கு லாடம் அடிப்பதில் காட்டும் அக்கறை மனிதனின் காலணியில் இல்லையே என்ற கவலையோடு, ஹாலந்து நாட்டு உடற்கூற்றியல் அறிஞர் பெத்ருஸ் காம்பர் 1781ஆம் ஆண்டில் காலணியின் தகுந்த வடிவத்தைப் பற்றி நூலொன்று எழுதினார். 1858இல் சூரிச் நகரப் பேராசிரியர் ஹெர்மன் மேயர், குதிகாலின் நடுவையும் பெருவிரலையும் இணைக்கும் கோடு நேராக அமையுமாறு காலணி செய்யப்பட வேண்டும் என்று விளக்கினார். பாதத்திற்காகக் காலணி, காலணிக்காகப் பாதம் அன்று என்னும் எளிய உண்மையை உரைக்க இத்தனை நூற்றாண்டுகள் தேவைப்பட்டன.

மற்றவர்களைச் சொல்வானேன்? குருமடத்தில் பயின்ற நாள்களில், விழாக்களில் அங்கியோடு அணிவதற்கென நமக்கு ஒரு கறுப்புத் தோல் காலணி கிடைத்தது. முனை ஒடுங்கி, பளபளவென்று இருந்தது. ஓர் அளவு சிறியது என்பது முதல் நாளே தெரிந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். அழகாய் இருந்ததால் கேட்கவில்லை. அதை நான்காண்டுகள் அணிந்தோம். கேம்பிரிட்ஜ் துறவியர் ஐவரும் நமக்கு அந்நியர் அல்லர்.

கத்தி

எலும்பு துருத்தியதை வெட்டிச் சீராக்கலாம் என்னும் எண்ணம் புதிதன்று. ஆனால் மயக்க மருந்து இல்லாத காலத்தில் அதற்குத் துணிந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரை நாம் அனைவரும் அறிவோம்; ஆனால் இந்தக் கோணத்தில் அவரை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

1521ஆம் ஆண்டு மே 20ஆம் நாள். வட ஸ்பெயினின் பம்ப்லோனாக் கோட்டையை பிரெஞ்சுப் படை தாக்கிற்று. காவல் நின்ற வீரர்களுள் ஒருவரான லொயோலா இஞ்ஞாசியாரின் வலது காலைப் பீரங்கிக் குண்டு முறித்தது. இடது காலும் காயமுற்றது. வெற்றி கொண்ட பிரெஞ்சுக்காரர்களே அவருக்குக் கட்டுப் போட்டு, மரியாதையோடு தூக்குக் கட்டிலில் சொந்த ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே மருத்துவர்கள் எலும்பு தவறாகக் கூடியிருப்பதாகக் கூறி, அதனை மீண்டும் முறித்துக் கட்டினார்கள். அவர் கைகளை இறுக மூடிக்கொண்டாரேயன்றி வாய் திறந்து ஒரு சொல் சொல்லவில்லை. பின்னர் உடல்நிலை மோசமாகி, இறுதி அருளடையாளங்களையும் பெற்றார். புனித பேதுரு, பவுல் திருநாளுக்கு முந்திய இரவில் ஆபத்து நீங்கிற்று.

உயிர் பிழைத்தார், எலும்பும் கூடியது. ஆனால் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு மற்றொன்றின் மேல் ஏறி, அழகின்றித் துருத்தி நின்றது. அரசவையில் வலம்வர விரும்பிய அவருக்கு அது பொறுக்கவில்லை. இறுக்கமான, நேர்த்தியான காலணி அணிய அது இடம் தராது என்பதே அவரது கவலை என்று, அவரது வரலாற்றை எழுதிய ரிபதெனெய்ரா குறிக்கிறார். வெட்டியெடுக்க முடியுமா என்று மருத்துவர்களைக் கேட்டார். முடியும், ஆனால் இதுவரை பட்ட வேதனை அனைத்தையும் விஞ்சும் வேதனையாயிருக்கும் என்றார்கள் அவர்கள். அவருடைய அண்ணனே திகைத்து, இத்தகைய வேதனையைத் தாங்கத் தமக்குத் துணிவு வராது என்றார். இஞ்ஞாசியாரோ உறுதியாயிருந்தார். தசையை அறுத்து, துருத்திய எலும்பை வாளால் அறுத்து எடுத்தார்கள். குட்டையாகிவிட்ட காலை நீட்டுவதற்காகப் பல நாள்கள் கருவிகளைப் பூட்டி இழுத்தார்கள். இத்தனையும் ஒரு காலணிக்காக! முதிய வயதில், தம் உடன்துறவி கொன்சால்வெஸ் த கமாராவிடம் இவற்றைச் சொல்லி எழுதச் செய்தபோது, தம் விருப்பத்திற்காகவே தம்மை வதைத்துக்கொண்டதாக அவர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நிலைமை பெரிதும் மாறவில்லை. 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் என்னும் பல் மருத்துவர், ஈதர் ஆவியால் நோயாளியை மயங்கச் செய்து, வலியின்றி அறுவை நடக்க வழிகாட்டினார். மறு ஆண்டே எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்சன் குளோரோபார்மைப் பயன்படுத்தினார். 1867இல் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தால் புண் சீழ்பிடிக்காமல் காக்கும் முறையை வெளியிட்டார். 1895இல் ரான்ட்ஜென் ஊடுகதிரைக் கண்டறிந்தார். வலியும் சீழும் அடங்கி, எலும்பைத் தோலுக்கு வெளியிலிருந்தே பார்க்கவும் முடிந்தபின்தான், உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு விரல் கோணலுக்காகக் கத்தியை எடுக்கும் துணிவு மருத்துவ உலகிற்கு வந்தது.

'ஹாலக்ஸ் வால்கஸ்' என்னும் பெயரை வழக்கிற்குக் கொணர்ந்தவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் ஹ்யூட்டர். காலம் 1870ஐ ஒட்டியது. புடைப்பை மட்டும் செதுக்கினால் போதாது, எலும்பையே ஆப்பு வடிவில் வெட்டித் திசைதிருப்ப வேண்டும் என்று 1881இல் காட்டியவர் ஜெனீவாவின் ரெவர்தென். 1904இல் அமெரிக்கப் படை மருத்துவர் கெல்லர், விரலின் அடி எலும்பில் ஒரு பகுதியை அகற்றும் முறையை வெளியிட்டார். 1928இல் மக்பிரைட் தசைநாண்களைச் சீரமைக்கும் முறையையும், 1934இல் நியூயார்க்கின் லபிடஸ் பாதத்தின் நடு மூட்டை அசையாமல் இணைத்துவிடும் முறையையும் வகுத்தனர். பின்னர் எலும்பை 'வி' வடிவில் வெட்டும் முறையும், 'இசட்' வடிவில் வெட்டித் திருகாணியால் பிணைக்கும் முறையும் வந்தன. இன்று நூல்களில் காணப்படும் முறைகள் நூற்றுக்கும் மேல். ஒரு நோய்க்கு நூறு வைத்தியம் என்றால், எல்லாருக்கும் பொருந்தும் வைத்தியம் ஒன்றில்லை என்பதே பொருள். கோணலின் அளவு, வயது, மூட்டின் தேய்வு, எலும்பின் வலிமை ஆகியவற்றை எடைபோட்டே மருத்துவர் முறையைத் தெரிந்தெடுக்கிறார்.

நம்மைப் பரிசோதித்த மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி நம்மை வியக்க வைத்தது. "சாமி, உங்களுக்கு வலி தொல்லையா, பார்க்க நல்லாயில்லைங்கிறது தொல்லையா?" அழகுக்காக மட்டும் இந்த அறுவையைச் செய்வது தகாது, ஆறுவதற்கு மாதங்கள் ஆகும், சிலருக்கு மூட்டு விறைக்கும், விரல் மரத்துப்போகும், கோணல் திரும்பவும் வரும் என்றார் அவர். இஞ்ஞாசியார் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஐந்நூறு ஆண்டுகள் கழித்து நம்மிடம் கேட்டார் எனலாம். ஊடுகதிர்ப் படத்தில் கோணலை அளந்தார். 15 பாகைக்குள் இருக்க வேண்டியது 32 பாகையாக இருந்தது. எனினும் அவர் அவசரப்படுத்தவில்லை. அகன்ற செருப்பு அணியுங்கள், விரலிடையில் மெத்தை வையுங்கள், பொறுத்துப் பார்ப்போம் என்றார். அகன்ற செருப்பு வலியைக் குறைக்கும். கோணலை நிமிர்த்தாது என்பதையும் மறைக்கவில்லை.

ஒன்றரை ஆண்டு அப்படியே ஓடிற்று. உள்ளதைச் சொல்வதானால், நாம் பொறுத்துக்கொண்டிருந்ததில் அச்சமும் இருந்தது. ஒருவகைப் பெருமையும் இருந்தது. வலியோடு பணியாற்றும் குரு என்று மக்கள் பேசுவது செவிக்கு இனிமையாயிருந்தது. இது ஆண்டவர் தந்த சிலுவை என்று மறையுரையிலும் ஒருமுறை சொல்லிவிட்டோம். அன்று மாலை உபதேசியார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சாமி, நீங்க நொண்டிக்கிட்டு வர்றதைப் பார்த்துக்கிட்டு நிக்கிறது எங்களுக்கும் வலிதான்." அப்போது அதனைப் பரிவான பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொண்டோம்.

பிறகு அந்த ஐப்பசி இரவு வந்தது. அடைமழை. கிளைப்பங்கு ஒன்றில் முதியவர் ஒருவர் கடுமையாக நோயுற்றிருப்பதாகவும், நோயில்பூசுதல் கேட்பதாகவும் ஆள் வந்தது. சாலையை விட்டு இறங்கி வரப்பு வழியே ஒரு கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். பகல் முழுவதும் நின்றதில் நம் கால் வீங்கியிருந்தது. இரவைக் கடத்திவிடுவார் என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டு, விடிந்ததும் வருவதாகச் சொல்லி அனுப்பினோம். விடியுமுன் அவர் இறந்தார்.

அவர் வீட்டார் நம்மைக் குறை கூறவில்லை. "மழைதானே சாமி" என்றார்கள். அவர்கள் குறை கூறியிருந்தால் சற்று இலேசாயிருந்திருக்கும். இறைவனின் இரக்கம் நம் பாதத்தை நம்பிக் காத்திருப்பதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவர் நம் பாதத்தைத்தானே அனுப்பியிருந்தார்? சிலுவை என்று நாம் சொல்லிக்கொண்டிருந்ததன் பாரத்தை உண்மையில் சுமந்தவர் யார் என்பது அன்று விளங்கிற்று. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984ஆம் ஆண்டு துன்பத்தின் பொருளைப் பற்றி எழுதிய திருத்தூது மடலை, நல்ல சமாரியன் உவமையைச் சிந்தித்தே நிறைவை நோக்கி நடத்திச் செல்கிறார். நீக்க முடியாத துன்பத்தை ஒப்புக்கொடுப்பது பக்தி. நீக்கக்கூடிய துன்பத்தை அணிகலன்போல் அணிந்துகொண்டு, அதனால் பிறர் காத்திருக்குமாறு செய்வது பக்தியன்று. அந்த வாரமே மருத்துவரிடம் சென்று நாள் குறித்தோம்.

கட்டில்

பொங்கல் முடிந்த மறுவாரம் அறுவை நடந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. எலும்பை வெட்டி நகர்த்தி, இரண்டு சிறு திருகாணிகளால் பிணைத்தார்கள். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. வெட்டுவதற்கு ஒரு மணி. கூடுவதற்கு எத்தனை மாதம்! முதல் இரண்டு வாரங்கள் காலை நெஞ்சுக்கு மேலான உயரத்தில் தலையணைகளின் மேல் வைத்துப் படுத்திருக்க வேண்டும். தையல் பிரித்த பின்னும், ஆறு வாரங்கள் வரை குதிகாலில் மட்டும் பாரம் தாங்கும் தனிச் செருப்போடு, கைத்தடி ஊன்றிச் சில அடிகளே நடக்கலாம். இருசக்கர வண்டியைத் தொடலாகாது. எலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரம். வீக்கம் முற்றிலும் வடிய ஆறு மாதம், சிலருக்கு ஓராண்டு. விரல் விறைக்காதிருக்க, மருத்துவர் காட்டியபடி நாளும் அதை மெல்ல மடக்கி நிமிர்த்த வேண்டும். அந்தப் பயிற்சியின்போது கண்ணில் நீர் வராத நாளில்லை.

திருப்பலிக்கு என்ன செய்வது? நிற்க இயலாத நோயாளிக் குரு அமர்ந்தவாறே திருப்பலி நிறைவேற்றலாம் என 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, எண் 930 இசைவளிக்கிறது. மக்கள் முன்னிலையில் அவ்வாறு செய்ய மட்டும் ஆயரின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டோம், கிடைத்தது. பாதத்தை முக்காலியில் நீட்டி, பீடத்தின் பின் அமர்ந்து திருப்பலி நிறைவேற்றிய முதல் நாள், வெட்கம் நம்மைப் பிடுங்கித் தின்றது. பாதம் கழுவ வந்த ஆண்டவரைப் பேதுரு ஏன் அத்தனை வேகமாகத் தடுத்தார் என்பதும் அந்நாள்களில்தான் புரிந்தது. பிறர் பாதத்தைக் கழுவுவது எளிது. அதில் நாம் உயர்ந்துதான் நிற்கிறோம், முழந்தாளில் இருந்தாலும். நம் பாதத்தைப் பிறர் கையில் கொடுப்பதுதான் கடினம். கட்டு மாற்ற வந்த அருட்சகோதரியிடமும், கஞ்சி கொணர்ந்த தாய்மாரிடமும், குளியலறை வரை தாங்கிச் சென்ற பீடச்சிறுவர்களிடமும் நாம் அதைக் கற்றோம்.

கட்டிலில் கிடந்த இஞ்ஞாசியார், பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். வீட்டில் அவை இல்லை. கிறிஸ்துவின் வாழ்வையும் புனிதர்களின் வரலாற்றையும் கூறும் நூல்களே இருந்தன. அவற்றைப் படித்தார்; பகற்கனவும் கண்டார். உயர்குலப் பெண்மணி ஒருவருக்காகப் புரியப்போகும் வீரச் செயல்களை எண்ணுகையில் இன்பமாயிருந்தது. எண்ணி முடித்தபின் உள்ளம் வறண்டது. பிரான்சிசையும் தோமினிக்கையும் போல் வாழ்வதை எண்ணியபோதும் இன்பமாயிருந்தது. அந்த மகிழ்ச்சி பின்னும் நிலைத்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்ததே, பின்னாளில் உலகெங்கும் எண்ணற்றோர்க்கு வழிகாட்டிய ஆவிகளைத் தேர்ந்து தெளியும் முறைக்கு வித்தாயிற்று. அறுவைக்கு ஒப்பிய அவரது முடிவு வீண்பெருமையில் பிறந்தது. ஆறும் காலம் அருளில் முடிந்தது. தவறான காரணத்திற்காக ஏறிய கட்டிலையும் இறைவன் வீணாக்கவில்லை.

நம் கட்டிலிலும் இருவகை எண்ணங்கள் வந்தன. நாம் இன்றிப் பங்கு என்ன ஆகுமோ என்பது ஒன்று. அது எழும்போது இனிதாயிருந்து, பின் கசந்தது. ஏனெனில் பங்கு நன்றாகவே நடந்துகொண்டிருந்தது. அண்டைப் பங்குக் குரு திருநீற்றுப் புதனுக்கு வந்து உதவினார். உபதேசியார் கிளைப்பங்குகளில் இறைவார்த்தை வழிபாடு நடத்தினார். இளைஞர்கள் நோயுற்றோர் பட்டியல் ஒன்றை எழுதி, யார் வீட்டிற்கு யார் வண்டியில் குருவை அழைத்துச் செல்வது என முறை வகுத்தார்கள். மழை இரவானால் நாற்காலியில் வைத்துத் தூக்கிச் செல்லவும் நால்வர் பெயர் அதில் இருந்தது. அந்தத் தாளைப் பார்த்தபோது நாம் நெடுநேரம் பேசவில்லை. ஓராண்டுக்கு முன்பே நம் வலியை மக்களிடம் சொல்லி உதவி கேட்டிருந்தால், அம்முதியவர் அருளடையாளம் இன்றிச் சென்றிருக்க மாட்டார். கத்தி நிமிர்த்தியது விரலை. கேட்கத் தெரியாத உள்ளத்தை நிமிர்த்த வேறொன்று தேவைப்பட்டது.

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்ட இஞ்ஞாசியார், வழியில் திருப்பயணிக்கான கயிற்றுச் செருப்பு ஓர் இணை வாங்கினார். அவற்றுள் ஒன்றை மட்டும் அணிந்தார். நோயுற்ற கால் ஒவ்வோர் இரவும் வீங்கியதால் அந்த ஒரு காலுக்கு மட்டும் செருப்பு வேண்டும் என எண்ணினாராம். நேர்த்தியான காலணிக்காக எலும்பை அறுத்தவர், ஒற்றைக் கயிற்றுச் செருப்போடு நடந்தார்! வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டினார். அவர் பாரிசில் சந்தித்த சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக் கடற்கரைக்கு வந்து, ஊர் ஊராக நடந்தார். அந்த ஒற்றைச் செருப்பின் தடம் நம் மணலிலும் பதிந்திருக்கிறது.

இவ்வாண்டுப் பெரிய வியாழனன்று நாம் மீண்டும் முழந்தாளிட்டோம். விரல் முழுமையாக மடங்கவில்லை. மாலையானால் இன்னும் வீங்குகிறது. பன்னிருவரையும் கடந்து எழுந்தோம்.

ஆனால் அதற்கு முன்பே, நடக்கலாம் என மருத்துவர் அனுமதித்த முதல் வாரத்தில், அந்த வரப்பு வழியே ஒரு கிலோமீட்டர் நடந்துபோனோம். முதியவரின் மனைவி திண்ணையில் அமர்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். கேட்க வேண்டிய மன்னிப்பை வழியெல்லாம் சொற்களாய் அடுக்கிக்கொண்டு போயிருந்தோம். அவர் முறத்தை வைத்துவிட்டு எழுந்தார். நம் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தார்.

"கால் சொகமாயிடுச்சா சாமி? நிக்காதீங்க, உக்காருங்க."

நாம் அமர்ந்தோம். பிறகுதான் பேச முடிந்தது.